நீர்வேலிக் கை

எங்கள் வாழைக்காய்ச் சிப்ஸ் தொழிற்சாலையின் முதலாளி அடைக்கலநாதன் யாரைக் கண்டாலும் முதலில் ஊரைத்தான் கேட்பார். ஊர் தெரிந்துவிட்டால் பிறகு ஆளைப் பார்க்கத் தேவையில்லை என்பது அவர் எண்ணம். நீர்வேலியில் வாழைத்தோட்டம் நிறைய. ஆகவே நீர்வேலியார் சொன்னால் வாழைக்காய் கேட்கும். உரும்பிராயில் வெங்காயம் நிறைய, ஆகவே உரும்பிராயார் வெங்காயத்தோடு நின்றால் போதும்.

சித்திரையில் பொரிக்கும் பகுதிக்கு ஒரு பொறுப்பாளர் தேவைப்பட்டார். அங்கே இருவர் வேலை செய்தார்கள். ஒருத்தி நீர்வேலித் தர்சிகா. அவளுடைய அப்பா பஸ் சாரதி, வீட்டு வளவில் ஒரு வாழைகூட இல்லை. மற்றவர் உரும்பிராய்க் குணலட்சுமி அக்கா. பொறுப்புக் கிடைக்காதவர் தோல் சீவும் பகுதிக்குப் போகவேண்டும். அக்கா முன்பு அங்கே இருந்தபோது வாழைக்காய்த் தோலில் வடியும் கயர்ப் பால் பட்டு விரல் இடுக்கெல்லாம் வெடித்து, ஆறு மாதம் கரண்டியால்தான் சோறு சாப்பிட்டார். மறுபடி அனுப்பினால் வேலையை விட்டுவிடுவேன் என்று என்னிடம் சொல்லியிருந்தார்.

"ருசி பாத்துத்தான் முடிவெடுப்பன். நீதி நியாயம் வேணுமெல்லோ," என்றார் முதலாளி.

ஆனால் தர்சிகாவின் பெயரில் 'பொறுப்பாளர்' அட்டை இரண்டு நாட்களுக்கு முன்பே அடித்து வந்துவிட்டது. அந்தப் பார்சலைப் பிரித்தவள் நான்.

இருவரும் பொரித்ததை டப்பாக்களில் போட்டுப் பெயர் ஒட்டும் வேலையும், பொதி கட்டுபவள் என்பதால், எனக்குத்தான் வந்தது. நான் கதைப்பது குறைவு. அதனால் எனக்கு ஒன்றும் தெரியாது என்று எல்லோரும் முடிவுசெய்திருந்தார்கள். அது நல்ல வசதி. இரண்டு டப்பாக்களையும் அக்காவின் தட்டிலிருந்தே நிரப்பினேன். தர்சிகாவின் தட்டைப் பேப்பரால் மூடி மேசைக்குக் கீழே தள்ளினேன்.

முதலாளி 'தர்சிகா' டப்பாவில் ஒன்றை எடுத்துக் கடித்துக் கண்ணை மூடினார்.

"ஆ! உதுதான் நீர்வேலிக் கை. என்ன மொறுமொறுப்பு!"

பிறகு 'குணலட்சுமி' டப்பா. முகத்தைச் சுளித்தார்.

"பிள்ளை, குறை நினைக்காதையும். உப்பு ஒரு பக்கம், காய் ஒரு பக்கம். எண்ணெயும் கூட."

"அளந்துதான் போட்டனான், முதலாளி," என்ற அக்கா கைகளை ஏப்ரனுக்குள் ஒளித்துக்கொண்டார்.



"முதலாளி," என்றேன். எல்லோரும் திரும்பினார்கள். சிலர் என் குரலை அன்றுதான் கேட்டார்கள். "ரெண்டு டப்பாவும் குணலட்சுமி அக்கா பொரிச்சது. தர்சிகாவின்ரை இஞ்சை கிடக்கு."

தட்டை எடுத்து மேசையில் வைத்தேன். தர்சிகாவே முதலில் ஒன்றைக் கடித்தாள்.

"ஐயோ, என்ரை ரப்பர் மாதிரியெல்லோ கிடக்கு!" என்று சிரித்துவிட்டாள்.

முதலாளி மூன்றையும் மாறி மாறிக் கடித்தார். என் வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். அவரோ அக்காவைப் பார்த்தார்.

"பிள்ளை, உம்மடை அம்மா எவடம்?"

"கொக்குவில், முதலாளி."

"அப்பா?"

"சுன்னாகம்."

"நீர்வேலியிலை ஒருத்தரும் இல்லையோ?" கெஞ்சுவதுபோலக் கேட்டார்.

அக்கா என்னை ஒருமுறை பார்த்தார்.

"ஒரு மாமி இருக்கிறா."

"பாத்தீங்களே! என்ரை நாக்குப் பிழைக்காது. நாளைக்கே பொறுப்பை எடும்!"

தர்சிகா தோல் சீவப் போனாள். கயர் அவளை ஒன்றும் செய்யவில்லை. அது நீர்வேலித் தோல் என்கிறார் முதலாளி.

மாதம் ஒருமுறை அந்த மாமிக்கு என்று ஒரு பெரிய சிப்ஸ் பைக்கற்றும் கொடுத்துவிடுகிறார். அப்படி ஒரு மாமி இல்லாதபடியால், தேத்தண்ணீர் நேரத்தில் அதை நாங்கள் மூன்று பேரும் சாப்பிடுகிறோம்.