கப்பலுக்குக் கட்டிய புளிக்காய்ச்சல்

புளிக்காய்ச்சல் ஆறியதும் நாராயணசுவாமி அதைப் பீங்கான் ஜாடியில் வழித்துப் போட்டு, மேலே ஒரு விரல் நிற்கும்படி நல்லெண்ணெய் ஊற்றினார். கரண்டியில் ஒட்டியிருந்ததை அவர் மனைவி ஜம்பகம் நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

“உப்பு ஒரு கல் குறைச்சல்.”

“இருபத்தஞ்சு வருஷமா இதையே சொல்றே. சுவாமி ஒரு நாளும் சொல்லலையே!”

திருத்தணி மலைக்கோயில் மடப்பள்ளியில் சமைப்பவர் ருசி பார்க்கக்கூடாது. வாயைத் துணியால் கட்டிக்கொண்டு கையளவில்தான் எல்லாம். அதே பழக்கம் அவருக்கு வீட்டிலும் வந்துவிட்டது.

ஜாடியின் வாயை இறுகக் கட்டிப் பரண் ஓரத்தில் வைத்தார். “ஆடிக் கிருத்திகை வரைக்கும் யாரும் தொடப்படாது. பிள்ளை போற கப்பல் லண்டன் போய்ச் சேர மூணு வாரத்துக்கு மேலே ஆறதாம். அதுவரைக்கும் தாங்கறதான்னு பார்க்கணும்.”

“கெட்டுப்போனா?”

“கப்பல்காரனைக் கொஞ்சம் வேகமா ஓட்டச் சொல்லுவேன்.”

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மலைக்குப் புறப்பட்டார். சாயங்கால நைவேத்தியம் முடித்து இறங்கி வருகையில், பாதி வழியில் படியில் உட்கார்ந்தவர் பிறகு எழவில்லை. அடிவாரத்தில் ஜட்கா ஓட்டும் எல்லப்பன்தான் அவரைத் தன் வண்டியில் வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தான்.

ஒரே மகன் விஸ்வேஸ்வரன் மெட்ராஸில் பி.காம். முடித்திருந்தான். வகுப்பில் முதலாவது. அவனுடைய பேராசிரியர் லண்டனில் ஓர் ஆடிட்டர் ஆபீசில் இடம் பேசி வைத்திருந்தார். கப்பல் செலவை ஏற்க ஒரு தர்ம டிரஸ்டும் முன்வந்திருந்தது. தம்புச் செட்டித் தெருவில் ஓர் ஆடிட்டரும் அவனைத் தம்மிடம் சேர்த்துக்கொள்ளத் தயாராக இருந்தார். அந்த இரண்டாவது செய்தி நாராயணசுவாமியின் காதில் ஏறவே இல்லை. கோயில் கணக்குப் பார்க்க வருஷா வருஷம் கோட்டுப் போட்டுக்கொண்டு ஒருவர் வருவார். லண்டனில் படித்தவர். பஞ்சாமிர்தம் என்றால் பழனி என்பதுபோல, நாராயணசுவாமிக்கு ஆடிட்டர் என்றால் லண்டன். பூக்கடையிலும் விறகு மண்டியிலும், பிரசாதத்துக்குக் கை நீட்டிய வெளியூர்க்காரர்களிடமும்கூட அவர் சொல்லாமல் விட்டதில்லை: “என் பிள்ளை வெளிநாட்டுக்குப் படிக்கப் போறான்.”

காரியங்கள் முடிந்த மறுநாள் பங்காளி ஷண்முகசுந்தரம் வந்தார். கொள்ளி வைத்த அன்று விசுவைவிட அதிகமாக அழுதவர் அவர்.

“மன்னி, தப்பா நினைச்சுக்காதேங்கோ. இந்த வருஷம் தீட்டு. ஆடிக் கிருத்திகை முறையை நான் பார்த்துக்கறேன். அடுத்த வருஷம் யாரு? கடல் தாண்டின கை மடப்பள்ளி அண்டாவைத் தொடப்படாது. விசு போனான்னா முறை எங்க பக்கம் வந்துடும். சொல்ல வேண்டியது என் கடமை.”

ஆடிக் கிருத்திகை வாரத்துச் சமையல் அந்த வீட்டுக்குத் தலைமுறை தலைமுறையாக வந்த உரிமை. ஊரே மலையேறும் வாரம் அது. ஆனால் ஜம்பகத்தின் மனத்தில் அப்போது வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது. அன்று காலை விசு தலை நிமிராமல், “நான் மெட்ராஸ்லயே படிச்சுக்கறேம்மா” என்று சொல்லியிருந்தான். மூலையில் உட்கார்ந்திருக்கும் தன்னைப் பார்த்துத்தான் சொல்கிறான் என்று அவளுக்குப் பட்டது. அம்மாவுக்காக நின்றுவிட்டான் என்று நாளைக்கு ஊர் பேசுமே! போனவர் சொன்ன சொல்லும் பொய்யாகிவிடுமே!

“முறையை நீங்களே எடுத்துக்கோங்கோ” என்றாள். “என் பிள்ளை லண்டன் போறான்.”

பதின்மூன்று நாளாகக் கவிழ்ந்திருந்த அவள் தலை அப்போதுதான் நிமிர்ந்தது.

விசு அரக்கோணம் போய்விட்டு மாலையில் திரும்பினான். தெருமுனையிலேயே யாரோ சொல்லிவிட்டார்கள். செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றாமல் உள்ளே வந்தான்.

“யாரைக் கேட்டும்மா முறையைத் தூக்கிக் குடுத்தே?”

“நீ எனக்காக இங்கே நிக்கப்படாது.”

“உனக்காகன்னா லண்டனுக்கே போயிருப்பேன். நீதானே என்னைத் துரத்தறே!”

விசு எதிரே உட்கார்ந்தான்.

“முன்னெல்லாம் பெரிய ஆடிட்டர் ஆகணும்னா லண்டன் போய்த்தான் ஆகணும். இப்போ நம்ம தேசத்துக்கே சட்டம் வந்தாச்சு, பரீட்சை வந்தாச்சு. நான் கணக்குப் பார்க்கப் போறது இங்கே இருக்கிற மில்லுக்கும் பாங்குக்கும். இந்த ஊர் வரியை அங்கே போய் யார்கிட்டே படிக்கிறது? அதோட, அப்பா பின்னாலே அண்டா தூக்கிண்டு நின்னவன் நான். ரெண்டுல எதையும் விடறதா இல்லே.”

“இதை அவர்கிட்டே சொல்லியிருக்கலாமேடா.”

“எப்படிச் சொல்றது? அவர் ஜாடி கட்டிண்டிருந்தார்.”

இருவரும் பரணைப் பார்த்தார்கள்.

ஷண்முகசுந்தரத்துக்கு ஆள் போயிற்று. விஷயத்தைக் கேட்டதும் அவர் வாசற்படியிலேயே நின்று சிரித்துவிட்டார். “கார்த்தாலே குடுத்துட்டு சாயங்காலம் திருப்பிக் கேக்கறேளே, மன்னி! முறைன்னா என்ன, இரவல் கரண்டியா? ஏண்டா விசு, ஆடிட்டர் வாயிலே துணியைக் கட்டிண்டு புளியோதரை கிளறுவாரோ?”

“கிளறுவார், சித்தப்பா. உங்க வாரத்து நெய்க்குக் கணக்கும் கேட்பார்.”

“அப்போ நீ லண்டனுக்கே போயிடுப்பா!” என்றவர், சிரிப்பு அடங்கியதும், “அடுத்த ஆடி உன்னோடது. நாள் தவறாம வந்து சேரு” என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆடிக் கிருத்திகை அன்று ஜம்பகம் ஜாடியைத் திறந்தாள். எண்ணெய் தெளிந்து நின்றது. வாசனை அன்று கிளறியதுபோல் எழுந்தது. லண்டனைத் தாண்டியும் போயிருக்கும். மறுநாள் விசு அதைப் பெட்டியோடு சேர்த்துக் கட்டினான். எல்லப்பன் வண்டியோடு வந்து நின்றான்.

“லண்டன்னு ஊரெல்லாம் சொல்லிண்டிருந்தார், எல்லப்பா” என்றாள் ஜம்பகம் மெதுவாக. “இப்போ மெட்ராஸ்.”

“அதுக்கு இன்னாம்மா? வெளிநாடு போறான், வெளிநாடு போறான்னுதானே சாமி சொல்லிகினு இருந்தாரு? நம்மள ஆந்திராவுல சேத்து ரெண்டு வருசமாவுது. மெட்ராசு இப்ப வேற நாடும்மா! பாஸ்போர்ட்டு கேக்கலயேன்னு சந்தோசப்படுங்க.”

“அப்படியா சொல்றே?”

“ஆங்! சாமி சொன்னது எங்க பொய்யாச்சி?”

சொன்னதோடு விட்டானா? ஸ்டேஷன் வரைக்கும், “வழி விடு, வழி விடு! மடப்பள்ளி சாமி புள்ள வெளிநாடு போவுது!” என்று கத்திக்கொண்டே ஓட்டினான். காவடி எடுத்துவிட்டுத் திரும்பும் கூட்டம் ஒதுங்கி நின்று விசுவைப் பார்த்தது. வாசலில் நின்ற ஜம்பகத்துக்கு, தெரு திரும்பிய பிறகும் அந்தக் குரல் கேட்டது. அவர் போன பிறகு அவள் சிரித்தது அன்றுதான்.

அடுத்த ஆடியில் விசு சொன்னபடி வந்தான். வாயில் துணி, இடுப்பில் ஈரவேட்டி, கையில் ஆளுயரத் துடுப்பு. புகைக்குள் நின்றவனைக் காட்டி, “அது யாரு, புதுசா இருக்காரே?” என்று பிரசாத வரிசையில் ஒருத்தி கேட்டாள்.

“என் பிள்ளை” என்றாள் ஜம்பகம். “ஆடிட்டருக்குப் படிக்கிறான். வெளிநாட்டிலே.”

அவன் நம் தேசத்துப் பரீட்சையிலேயே தேறினான். தம்புச் செட்டித் தெருவில் அவன் பெயருக்குப் பலகை ஏறியது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதில் எல்லையை மாற்றிப் போட்டுத் திருத்தணியை மறுபடி மெட்ராஸோடு சேர்த்தார்கள். எல்லப்பனின் வெளிநாடு போய்விட்டது. எந்த வேலை இருந்தாலும் ஆடிக் கிருத்திகை வாரம் மட்டும் ஆடிட்டர் மலைமேல்தான்.

மந்தார இலையில் ஜம்பகத்தின் பங்குப் புளியோதரை அந்த வாரம் வீட்டுக்கு வரும். உப்பு ஒரு கல் குறைச்சல்.