பாயை விட்டு இறங்கக் கூடாது

பழவேற்காடு ஏரித் தீவான பசியாவரத்தில் எங்கள் ஊர் மகளிர் கடன் குழுவுக்கு ஒரு சட்டம் உண்டு. எல்லோருடைய தவணையும் சேரும்வரை ஒருவரும் பாயை விட்டு இறங்கக் கூடாது. ஒருமுறை பணம் வர நேரமாகி, ஒருத்தி உட்கார்ந்த இடத்திலேயே பிள்ளை பெற்றாள். பிள்ளையையும் உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டார்கள். நான் பொய் சொல்ல மாட்டேன்.

அன்றைக்கு டென்மார்க்கிலிருந்து கல்லூரிப் பிள்ளைகள் நாலு பேர், நம் பழக்கவழக்கமும் சிறுகடனும் படிக்க வந்தார்கள். பழவேற்காட்டிலிருந்து என் படகில்தான் கூட்டிவந்தேன். மரியாதைக்குப் பாயில் உட்கார்ந்தார்கள். படகுக்காரக் கிழவன் நானும் ஓரமாகக் குந்தினேன். போச்சு.

செவ்வந்தியின் தவணை மட்டும் வரவில்லை. இன்று கட்டாவிட்டால் அவளைக் குழுவிலிருந்து எடுத்துவிடுவார்கள். புது வலைக்குக் கேட்ட கடனும் கிடையாது. அன்று ஏரியில் அவள் புருஷன் முத்துராஜின் பாடு, அதாவது வலை போட அவன் முறை. இறால் நன்றாகவே பட்டிருந்தது; விற்றால் தவணை கட்டிவிடலாம். ஆனால் தண்ணீர் வற்றி, படகு கரைக்கு வரும் வழியில் சேற்றில் உட்கார்ந்துவிட்டது. வாசலிலிருந்தே தெரிந்தது. கூடையோடு இறங்கினால் இடுப்புவரை புதைவான். கரையில் வியாபாரியின் ஐஸ் உருகிக்கொண்டிருந்தது; அது தீர்ந்தால் அவன் வாங்காமல் போய்விடுவான்.

கூரைத் தகரம் கொதித்தது. ஒரு ஈகூட வெளியே போகவில்லை. அதற்கும் சட்டம் தெரியும்.

டென்மார்க் பிள்ளைகளில் ஹன்னா என்ற பெண், படித்த தமிழில் பாடம் ஒப்பிப்பதுபோல, "நான் கட்டட்டுமா?" என்றாள்.

"இன்னிக்கு கட்டிட்டு நீ ஏரோப்ளேன் ஏறிடுவே. அடுத்த வாரம் யாரு கட்டுவா? குந்தும்மா," என்றாள் தலைவி செல்வம்மாள்.

செவ்வந்தி, கடன் கம்பெனியிலிருந்து என் படகிலேயே வசூலுக்கு வந்த பிரதாப்பைப் பார்த்தாள். "சார், நான் மட்டும் ஓடிப்போயி..."

"பாயை விட்டு எறங்குனா கூட்டம் கலைஞ்சிதுனு அர்த்தம். ரூல்னா ரூல்தான்."

ஹன்னா கீழே கிடந்த இரண்டு பாய்களையும் பார்த்தாள். "பாய் வீட்டுக்குள்ளேதான் இருக்க வேண்டுமா?"

பிரதாப் தன் நோட்டைப் புரட்டிப் பார்த்தார்.

"அப்டி ரூலே இல்லியே!" என்றாள் செல்வம்மாள்.

எல்லோரும் ஒரு பாயில் நெருக்கி நின்றோம். மற்றதை உருவி முன்னால் விரித்தோம். அதில் ஏறினோம். இப்படியே கூட்டம் தெருவைத் தாண்டியது.

"நைனா, நவுரு, என் கால மிதிக்கிற!" என்று செவ்வந்தி என்னை விரட்டினாள்.

படகுவரை சேற்றிலும் பாய் தாங்கியது. பிரதாப் மட்டும் கொஞ்சம் புதைந்தார். கூடைகள் கைமாறிக் கரைசேர்ந்தன. வியாபாரி எடைபோட்டுக் கொடுத்த பணத்தை அங்கேயே பிரதாப் கையில் வைத்தாள் செவ்வந்தி.

"கூட்டம் முடிஞ்சிது," என்றார் பிரதாப், விடுதலையானவரைப்போல. பிறகு என் படகைத் தேடினார். அதுவும் சேற்றில் உட்கார்ந்திருந்தது.

"தள்ளலாமா பெரியவரே?"

"பழவேற்காடு வரைக்குமா சார்?"

"தண்ணி எப்ப ஏறும்?"

"ஏறும்போது ஏறும்."

செல்வம்மாள் பாயை உதறி மறுபடி விரித்தாள். "குந்துங்க சார்."