கல்தொட்டி முக்கு

என் புருஷன் ஹெரால்ட் செத்து மூன்று மாதம் ஆகிறது. நான் இன்னும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. விடக்கூடாது என்று வைராக்கியமெல்லாம் இல்லை. வரவில்லை, அவ்வளவுதான். பல் பிடுங்கின அன்று கன்னத்தைக் கிள்ளிப் பார்ப்போமே, அப்படி இருக்கிறது உடம்பு முழுக்க. பக்கத்து வீட்டுக்காரி ஒரு சட்டி நிறைய கறியும் உருளைக்கிழங்கும் வேகவைத்துக் கொண்டுவந்து, "அழுதுடு கண்ணு, மனசு லேசாகும்" என்றாள். அழுகை என்ன குழாயா, திறந்துவிட? சாப்பிட்டுவிட்டுச் சட்டியைக் கழுவித் திருப்பிக் கொடுத்தேன்.

இந்த லட்சணத்தில் இருக்கும்போதுதான் பெவ் போன் செய்தாள். எங்கள் பாடிஹம் ஞாயிறு சைக்கிள் சங்கத்தின் செயலாளர் அவள். அறுபது வயது, ஊருக்கே கேட்கிற குரல்.

"எட்னா, சங்கத்த மூடறோம். இந்த ஞாயிறு கடைசி ஓட்டம். நீங்க வர்றீங்க. சாக்குப்போக்கு சொல்லக்கூடாது."

"என் இடுப்புல இருக்கறது இரும்பு எலும்புடீ. அத வெச்சுக்கிட்டு பெடல் மிதிக்கச் சொல்றியா?"

"யாரு மிதிக்கச் சொன்னா? என் வேன்ல வாங்க. கல்தொட்டி முக்கு வழியா அந்தப் பழைய டீக்கடைக்குப் போறோம். ஒவ்வொரு ஓட்டத்தையும் எழுதி வெச்ச குறிப்பேடு அத்தனையும் திங்கக்கிழமை ஆவணக் காப்பகத்துக்குப் போயிடும். அதுக்குள்ள எல்லாரும் ஒரு தடவ பாத்துடணும்."

குறிப்பேடு என்றதும் போனைக் காதிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். 1956 ஜூன் மாதப் பக்கத்தில் ஒரு பொய் இருக்கிறது. என் பொய். அதைச் சுமந்தவன் எங்கள் சங்கத்து வில்ஃப் ராம்ஸ்பாட்டம். திங்கட்கிழமை அது காப்பகத்துக்குப் போய் உட்கார்ந்துவிட்டால் அப்புறம் அது பொய் இல்லை, சரித்திரம். வில்ஃபுக்கு எண்பத்து மூன்று வயது. உண்மையைச் சொல்ல ஐம்பத்தொன்பது வருடம் இருந்தது எனக்கு. இப்போது ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் மிச்சம்.

அந்தக் காலத்து ஓட்டத்தைப் பற்றிச் சொன்னால் இன்றைய பிள்ளைகள் நம்பமாட்டார்கள். இன்று ஞாயிறு காலையில் பளபளவென்று இறுக்கமாக உடுத்திக்கொண்டு, யாரோ துரத்துகிற மாதிரி பறக்கிறார்களே, அந்த ஜாதி இல்லை நாங்கள். வாரம் முழுக்கத் தறிச் சத்தத்தில் காது செத்துப்போனவர்கள். ஞாயிறு வந்தால் முப்பது பேர், ஜோடி ஜோடியாக, பேசிக்கொண்டே போவோம். பேசுவதற்காகத்தான் சைக்கிளே. ஒவ்வொரு மைலுக்கும் கேப்டன் ஒரு விசில் ஊதுவார். உள்பக்கம் இருப்பவர் ஒரு இடம் முன்னால் நகர வேண்டும். அதனால் சாயங்காலத்துக்குள் எல்லோரும் எல்லோரோடும் பேசி முடித்திருப்பார்கள். யாருக்கு நிச்சயதார்த்தம், யார் வீட்டுப் பூனை குட்டி போட்டது, எல்லாம் சக்கரத்தோடு சேர்ந்து உருளும். முன்னால் ஒருத்தர் "பள்ளம்!" என்றால் அது வாய்க்கு வாய் மாறிக் கடைசிவரை வரும். முப்பது குரலில் ஒரு பள்ளம். இப்போது நினைத்தால் அந்தச் சத்தம்தான் முதலில் காதில் வருகிறது.

திருப்பம் வந்தால் ஒருவர் இறங்கி நிற்பார். முக்குக்காரர் என்போம். கையை நீட்டி வழி காட்டுவார். கடைசி ஆள் தாண்டும்வரை அந்த இடத்தைவிட்டு நகரக்கூடாது. மழை பெய்தாலும், மாடு முட்டினாலும் நகரக்கூடாது. கடைசி ஆள் வரும்போது "கடைசியா?" என்று கேட்பார். "கடைசி!" என்று பதில் சொல்லிவிட்டால் அவருக்கு விடுதலை.

அந்தக் கடைசி ஆள் எப்போதும் நான்தான். குட்டைக் கால், என் அத்தையின் பழைய கனத்த சைக்கிள். மேடு ஏறி முடித்தால் மொத்தக் கூட்டமும் புல்லைக் கடித்துக்கொண்டு எனக்காகக் காத்திருக்கும். "நல்லா வர்ற எட்னா!" என்று கைதட்டும். திட்டியிருந்தால் தேவலை. பத்தொன்பது வயசுப் பெண் ஒருத்தி, ஒரு நாளைக்கு இருபது முக்கில், தன் வாயாலேயே தன்னைக் கடைசி, கடைசி என்று சொல்லிக்கொண்டு போனால் எப்படி இருக்கும்? எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அன்று கல்தொட்டி முக்கில் நின்றது வில்ஃப். இடது பக்கம் திரும்பினால் டீக்கடை. நேரே போனால் ரயில் நிலையம். மாடுகள் தண்ணீர் குடிக்கிற கல்தொட்டி பக்கத்தில், இடது கையை நீட்டிக்கொண்டு, பொறுமையான ஒரு சிரிப்போடு நின்றான். தூரத்திலிருந்தே அந்தச் சிரிப்பு தெரிந்தது. பொறுமை! எனக்கு அந்த முகத்தைக் கண்டதும் என்னவோ ஆகிவிட்டது. "கடைசியா?" என்று கேட்டான். நான் வாயைத் திறக்கவில்லை. அவனைப் பார்த்தேன், அவன் கையைப் பார்த்தேன், பார்த்துவிட்டு நேரே போய்விட்டேன்.

இரண்டு மைல் தாண்டிப் பின் டயர் உட்கார்ந்துவிட்டது. தள்ளிக்கொண்டே ரயில் நிலையத்துக்குப் போனேன். அங்கே சுமை தூக்கும் வேலையில் இருந்தவன்தான் ஹெரால்ட். சைக்கிளையும் என்னையும் மேலும் கீழும் பார்த்து ஏதோ சொன்னான். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். அப்புறம் தேநீர் கொடுத்தான். ஆறு மணிக்கு அங்கிருந்தே டீக்கடைக்குப் போன் போட்டேன். கேப்டன் தோர்ப் பதறிக்கொண்டு போனுக்கு வந்தார். "என்னம்மா ஆச்சு? எங்கெல்லாம் தேடறது உன்ன?" என்றார்.

"முக்குல யாருமே இல்ல சார்" என்றேன்.

வாய் தவறி வந்ததுதான். ஆனால் கேப்டன், "ஆமா, நான் ஆள் அனுப்பிப் பாத்தேன், முக்கு காலியாத்தான் இருந்துச்சு" என்றார். அப்புறம் நான் ஏன் மாற்றிப் பேசப்போகிறேன்? 'கல்தொட்டி முக்கு காக்கப்படவில்லை. பொறுப்பு: வி. ராம்ஸ்பாட்டம். எட்னா ஹோல்டன் வழி தவறினார்' என்று குறிப்பேட்டில் ஏறியது. அடுத்த கேப்டனாக வரவேண்டியவன் வில்ஃப். வரவில்லை. அதன்பிறகு யாரும் அவனை முக்கில் நிறுத்தவில்லை. அவன் கழிப்பறைக்கு எழுந்து போனால்கூட, "டேய், முக்கை விட்டுட்டுப் போறான்டா!" என்று கத்துவார்கள். எங்கள் கல்யாணத்தில் ஹெரால்ட் கோப்பையைத் தூக்கி, "முக்கை விட்ட வில்ஃபுக்கு!" என்றான். வில்ஃபும் சிரித்தபடி தூக்கினான். நான் கேக் வெட்டிக்கொண்டிருந்தேன்.

ஹெரால்ட் அன்று என்ன சொன்னான் என்பது மட்டும் எனக்கு மறந்துவிட்டது. அவனுக்கும் மறந்துவிட்டது. மழையைப் பற்றி என்பான் அவன். ஸ்டேஷன் மாஸ்டரின் தொப்பியைப் பற்றி என்பேன் நான். ஐம்பத்தேழு வருடம் இதற்குச் சண்டை. ஆஸ்பத்திரியில் கடைசியாகக் கேட்டபோதும், "ஞாபகம் வந்தா சொல்றேன், தூங்கு" என்றான். அவன் தூங்கிவிட்டான்.

ஞாயிறு பத்து மணிக்கு வேன் வந்தது. சைக்கிளில் வருபவர்கள் ஆறே பேர். வேனில் நானும், கைத்தடியோடு வில்ஃபும். அவனுக்கும் முழங்கால் போய்விட்டது. 1956-ம் வருடக் குறிப்பேட்டைப் பெவ்விடம் கேட்டு வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். கல்தொட்டி வந்ததும் பெவ் வேனை நிறுத்தினாள்.

"வில்ஃப், இறங்குங்க. இன்னைக்கு நீங்கதான் முக்குக்காரர். ஐம்பத்தொன்பது வருஷம் கழிச்சு வாய்ப்பு தர்றோம், விட்டுட்டு ஓடிடாதீங்க!"

"இந்தக் காலோட எங்கடீ ஓடறது?" என்றான்.

"எட்னா, நீங்களும் இறங்கி இவரக் காவல் காத்துக்கிட்டு இருங்க. நான் போய் டீ சொல்லிட்டு வந்து கூட்டிக்கறேன்."

இறங்கினோம். தொட்டியில் தண்ணீர் இல்லை. யாரோ மண் கொட்டிப் பூச்செடி வைத்திருந்தார்கள். வில்ஃப் கைத்தடியை வலது கைக்கு மாற்றி, இடது கையை நீட்டிக்கொண்டு நின்றான். சாலையில் ஈ காக்காய் இல்லை.

"கையக் கீழ போடு. அவங்க வர இன்னும் கால் மணி ஆகும்" என்றேன்.

"முக்குக்காரன் கையக் கீழ போடறதா?"

இப்போது சொல் எட்னா, என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வாய் வரவில்லை. பைக்குள் பென்சில் இருந்தது. தொட்டி விளிம்பில் உட்கார்ந்து, குறிப்பேட்டைத் திறந்து, அந்த வரிக்குக் கீழே எழுதினேன்: 'இது பொய். முக்குக்காரர் இருந்தார். நான் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் போனேன். எட்னா ஹோல்டன்.' எழுதி அவன் முகத்துக்கு நேராக நீட்டினேன். கையைக் கீழே போட்டுவிட்டுக் கண்ணாடியைத் தேடி எடுத்து, இரண்டு தடவை படித்தான்.

"தெரியும்" என்றான்.

"என்ன தெரியும்?"

"என் கண்ண நேராப் பாத்துட்டுத்தானே போன? நான் என்ன குருடனா?"

"அப்புறம் ஏன்டா ஐம்பத்தொன்பது வருஷம் வாய மூடிக்கிட்டு இருந்த?" எனக்குக் கோபம் வந்தது. கோபப்பட எனக்கு என்ன உரிமை என்று தெரியவில்லை, ஆனாலும் வந்தது. "ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா உன்னப் பொய்க்காரிம்பாங்க. ஒரு ரயில்வேக்காரன்கூட சாயங்காலம்வரைக்கும் உக்காந்திருந்த. அந்தக் காலத்துல அது போதாதா? அதுமில்லாம, முக்கு காலியாத்தான் இருந்துச்சு. நான் உன் பின்னாடி வந்தேன்."

முதல் சைக்கிள் வந்தது. அவன் சட்டென்று கையை நீட்டினான். "நல்லா நிக்கறீங்க வில்ஃப்!" என்று கத்திக்கொண்டு ஒருவர் திரும்பினார். அடுத்து இருவர். நான் பல்லைக் காட்டிக் கையசைத்தேன்.

"பின்னாடியா? எதுக்கு?"

"உன் பின் டயர் தொளதொளன்னு போச்சு. ரெண்டு மைல் தாங்காதுன்னு தெரியும். நீயே திரும்பி வருவன்னு கொஞ்ச நேரம் பாத்துட்டுத்தான் பம்ப்ப எடுத்துக்கிட்டு வந்தேன். நான் வர்றதுக்குள்ள நீ ஸ்டேஷனுக்கே போயிட்ட. வேலிக்கு இந்தப் பக்கம் நின்னேன். கையில பம்ப்பு." வில்ஃப் சாலையையே பார்த்துக்கொண்டு பேசினான். "நீ சிரிச்ச பொண்ணே. அப்படி ஒரு சிரிப்பு. ஒரு வருஷமா எங்ககூட வந்த, மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டே வந்த. நாங்க முப்பது பேர் சேந்து சிரிக்கவைக்க முடியல. அவன் ஒரு வார்த்தயில சிரிக்க வெச்சான். நான் திரும்பிட்டேன்."

நான் குறிப்பேட்டை மூடினேன்.

"அப்புறம் ஜாய்ஸ் வந்தா, கட்டிக்கிட்டேன். நானும் நல்லாத்தான் இருந்தேன். அழுது வடியாத" என்றான்.

"யாரு அழுதா? எனக்கு அழுகையே வர்றதில்ல" என்றேன். உண்மை. கண் காய்ந்துதான் இருந்தது.

மேலும் இரண்டு பேர் தாண்டினார்கள். கடைசியாக டெனிஸ் மூச்சு வாங்க வந்தான். "கடைசியா?" என்று கேட்டான் வில்ஃப். "கடைசி!" என்றான் டெனிஸ். சங்கத்தில் அந்தக் கேள்வியை இனி யாரும் கேட்கப்போவதில்லை. டெனிஸின் முதுகு திருப்பத்தில் மறைந்தது. வில்ஃப் கையைக் கீழே போட்டு, என் பக்கத்தில், தொட்டி விளிம்பில் மெல்ல உட்கார்ந்தான்.

வேலிக்கு இந்தப் பக்கம். அந்த வார்த்தை அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"வில்ஃப். வேலியிலேர்ந்து கேக்கற தூரமா?"

"என்னது?"

"ஹெரால்ட் பேசினது. அவன் என்ன சொன்னான்னு உனக்குக் கேட்டுச்சா?"

"கேக்காம என்ன?"

"ஞாபகம் இருக்கா?"

"எப்படி மறக்கும்?" என்றான். கொஞ்சம் கூச்சப்பட்டான். தொண்டையைச் செருமிக்கொண்டு, ஹெரால்ட் மாதிரியே தாடையை முன்னால் தள்ளினான். "ஏம்மா, இந்த சைக்கிள் உன்னக் கூட்டிட்டு வந்துச்சா, நீ இதக் கூட்டிட்டு வந்தியா? யாரு கூட்டிட்டு வந்தாங்களோ அவங்க டிக்கெட் எடுங்க. இன்னொண்ணு லக்கேஜ்."

மழையும் இல்லை, தொப்பியும் இல்லை. இதற்கா அப்படிச் சிரித்தேன்? பெரிய ஜோக் ஒன்றும் இல்லை. ஆனால் அது ஹெரால்ட்தான். அச்சாக அவன்தான். தினமும் காலையில் கெட்டிலை வைத்துவிட்டு இப்படித்தான் ஏதாவது ஒன்றைச் சொல்வான். விலா எலும்புக்குக் கீழே ஏதோ பிடித்துக்கொண்டது. வலித்தது. மூன்று மாதத்தில் முதல் தடவையாக எனக்கு வலித்தது.

தூரத்தில் பெவ்வின் வேன் திரும்பி வருகிற சத்தம் கேட்டது. நான் வில்ஃபின் கைத்தடியைப் பிடித்துக்கொண்டேன்.

"அவ வர்றதுக்குள்ள," என்றேன், "இன்னொரு தடவ சொல்லு."

சொன்னான்.