ஸ்டாண்டு அக்காவின் ஏற்றம்

ஐந்து மாதம் ஒரு உண்மையை வாய்க்குள் அடக்கிக்கொண்டு மூன்று வேளையும் சாப்பிடுவது லேசான காரியமா? ரொட்டி வேன்காரன் அதைத்தான் செய்துகொண்டிருந்தான். கேட்டால் சிரிப்பீர்கள். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

விஷயம் அவன் மனைவியின் சைக்கிளைப் பற்றியது. அவளுக்குப் பல்செட் செய்யும் கூடத்தில் வேலை. நாள் முழுக்கக் குனிந்தபடி மெழுகில் ஒவ்வொரு பல்லாகப் பதிக்க வேண்டும். கொஞ்சம் முதுகு நிமிரட்டும் என்று நாற்பத்து நான்கு வயதில் சைக்கிள் சங்கத்தில் சேர்ந்தாள். ஊரைச் சுற்றிக் காடும் மலையும்தான், எந்தப் பக்கம் போனாலும் ஏற்றம். முதல் ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொரு வளைவிலும் மூச்சு வாங்கி, காலை ஊன்றி ஊன்றி நின்றாள். யாரோ ஒரு புண்ணியவான் 'ஸ்டாண்டு அக்கா' என்று பெயர் வைத்துவிட்டான். சைக்கிளுக்கு ஸ்டாண்டு கிடையாது, அக்காதான் ஸ்டாண்டு என்று விளக்கம் வேறு. அவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள். வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அரைமணி நேரம் வெளியே வரவில்லை என்பது இவன் ஒருவனுக்குத்தான் தெரியும்.

சங்கத்தின் தலைவர் கிரீஸ் அண்ணன். சைக்கிள் கடை வைத்திருக்கிறார். அவர் கை சுத்தமாக இருந்து யாரும் பார்த்ததில்லை, பெயருக்குக் காரணம் அதுதான். அவர் கடையின் பின்சுவரில் பதினொரு பாதைகள் பெயின்டால் எழுதியிருக்கும், ஒவ்வொன்றின் பக்கத்திலும் அதைப் போட்டவரின் பெயர். சுவரில் பெயர் ஏற ஒரு சட்டம் உண்டு. பாதையைப் போட்டவர் எல்லார் முன்னாலும் அதை ஓட்டிக் காட்ட வேண்டும், ஏற்றத்தில் கால் தரையில் படக் கூடாது. அதுவரை பாதை ரகசியம். எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று காட்டும் கோட்டை மட்டும் முன்கூட்டியே கொடுக்கலாம், வருகிறவர்கள் மனதைத் தேற்றிக்கொள்ள வேண்டாமா?

பன்னிரண்டாவது பெயர் தன்னுடையது என்று அவள் முடிவு கட்டினாள். அதுவும் ஸ்டாண்டு கீண்டு எல்லாம் கிடையாது, சொந்தப் பெயர். ஒரு சாயங்காலம் சமையலறை மேஜையில் போனை வைத்துக்கொண்டு அறுபத்திரண்டு கிலோமீட்டர் வட்டப் பாதை ஒன்றை வரைந்தாள். முப்பத்தெட்டாவது கிலோமீட்டரில் கோடு சுவர் மாதிரி எழும்பி, அந்தப் பக்கம் தொப்பென்று விழுந்தது.

"அறுநூறு மீட்டர் தூரத்துல நூத்தம்பது மீட்டர் ஏறுது. சங்கத்துல எவனும் இப்படி ஒண்ணை ஏறினதில்ல. நான் ஏறப் போறேன், பாருங்க" என்றாள்.

வேன்காரன் எட்டிப் பார்த்தான். அந்த இடம் அவனுக்கு அத்துப்படி. செவ்வாயும் வெள்ளியும் அந்தப் பக்கக் கடைகளுக்கு ரொட்டி போடுவதே அந்த வழியாகத்தான். அங்கே ஏற்றமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. மூன்று வருடத்துக்கு முன்பே மலையைக் குடைந்து சுரங்கப்பாதை போட்டாயிற்று. போனுக்கு அது தெரியவில்லை. மேலே இருக்கிற மலையின் உயரத்தை எடுத்துக் கீழே இருக்கிற ரோட்டின் தலையில் கட்டிவிட்டது. படத்தில் ரோடு அந்த இடத்தில் விட்டு விட்டுப் புள்ளியாகப் போனதை அவள் குண்டும் குழியும் என்று நினைத்துக்கொண்டாள்.

காபியைக் குடித்துவிட்டுச் சொல்லலாம் என்றுதான் இருந்தான். அதற்குள் அவள் எழுந்து போய் டயருக்குக் காற்றடிக்க ஆரம்பித்துவிட்டாள், வாயில் ஏதோ பாட்டு வேறு. அவள் பாடி அவன் கேட்டு எவ்வளவு நாளாயிற்று! சரி, நாளைக்குச் சொல்லலாம்.

மறுநாளிலிருந்து அவள் வேலை முடிந்ததும் பக்கத்திலிருந்த கார் நிறுத்தும் கட்டடத்தின் சாய்வுப் பாதையில் ஏற ஆரம்பித்தாள். தினம் இருபது முறை. முதல் வாரம் காவலாளி விரட்டினார், இரண்டாம் வாரம் எண்ணிச் சொன்னார், மூன்றாம் மாதம் தண்ணீர் பாட்டிலோடு ஐந்தாவது மாடியில் காத்திருந்தார். அவள் தொடை இறுகியது, முதுகு நிமிர்ந்தது, சாப்பாட்டில் ருசி கண்டாள். இந்த நிலைமையில் எந்த வாயை வைத்துக்கொண்டு சொல்வது? தள்ளிப்போடத் தள்ளிப்போடச் சொல்வது இன்னும் கஷ்டமாயிற்று. சங்கத்தில் அந்தக் கோட்டைப் பார்த்த பாதிப் பேருக்குத் திடீரென்று முட்டி வலி வந்துவிட்டது என்று அவள் பெருமையாகச் சொன்னபோது, இவன் தட்டையே பார்த்துச் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான்.

ஆனாலும் அவன் சும்மா இருக்கவில்லை. சுரங்க வாயிலுக்கு இடப்பக்கம் பழைய ரோடு ஒன்று காட்டுக்குள் ஏறிப் போகிறது. கார் போகாதபடி குறுக்கே ஒரு கம்பி, சைக்கிள் நுழைய இடம் உண்டு. கடைசி வாரம் தன் விடுமுறை நாளில் அதில் நடந்து பார்த்தான். இரண்டரைக் கிலோமீட்டர், ஒன்பது வளைவு. அசல் ஏற்றம். ஆனால் வளைவெல்லாம் சரளைக்கல், சருகு, முறிந்த கிளை. சக்கரம் வழுக்கினால் காலை ஊன்றாமல் என்ன செய்வாள்? வேனுக்கு ஓடினான். வேனில் சிந்திய ரொட்டித் தூளைக் கூட்டவென்று காலையில் பால்கனியிலிருந்து எடுத்துப் போட்டிருந்த விளக்குமாறு உள்ளே கிடந்தது. ஒன்பது வளைவையும் கூட்டி முடிக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது, இடுப்பு விட்டுப்போயிற்று. வீட்டுக்கு வந்தபிறகுதான் விளக்குமாற்றைக் காட்டிலேயே விட்டுவிட்டது தெரிந்தது. மறுநாள் அவள் தேடினாள். பக்கத்து வீட்டில் எடுத்திருப்பார்கள் என்று கூசாமல் பழியைத் தூக்கிப் போட்டான்.

அவன் திட்டம் இதுதான். ஞாயிற்றுக்கிழமை உதிரி டயரும் தண்ணீரும் ஏற்றிக்கொண்டு வேனில் கூடவே போவான். சுரங்கம் நெருங்கும்போது கொஞ்சம் முந்திப் போய் அந்தக் கம்பிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, இதுதான் வழி என்பது போல் இடப்பக்கம் கையைக் காட்டிவிடுவான். கமுக்கமாக முடிந்துவிடும்.

எங்கே முடிந்தது? முப்பத்தைந்தாவது கிலோமீட்டரில் ஒருவருக்கு டயர் வெடித்தது. உதிரி டயர் இவனிடம். அதை மாற்றிக் கொடுத்துவிட்டு அவன் பறந்து போய்ச் சேர்ந்தபோது, மற்ற ஒன்பது சைக்கிளும் சுரங்க வாயிலில் நின்றிருந்தன. உள்ளே விளக்கெல்லாம் எரிய, ரோடு மேஜை மாதிரி சமமாகப் போயிற்று. ஆளாளுக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். முட்டிக்குப் பட்டை கட்டி வந்த ஒருவர் அதை அவிழ்த்துக் காற்றில் சுழற்றினார். அவள் மட்டும் சிரிக்கவில்லை.

கிரீஸ் அண்ணன் நல்ல மனுஷன். ஏற்றம் இல்லாதது அவள் தப்பில்லை, அப்படியே உள்ளே புகுந்து வெளியே வந்தால் போதும், சுவரில் பெயரை எழுதிவிடுகிறேன் என்றார். அவள் காதில் அது விழவே இல்லை. வேனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"செவ்வாய், வெள்ளி ரெண்டு நாளும் இந்த வழியாத்தான போறீங்க?"

"ஆமா."

"அஞ்சு மாசமா?"

அவன் திருதிருவென்று விழித்தான். "சொல்லணும்னுதான் இருந்தேன். நீ பாடிக்கிட்டே காத்தடிச்சியா... அப்புறம் எனக்கு வாய் வரல."

அவள் முகம் சிவந்தது. கண்ணிலும் தண்ணீர் முட்டிக்கொண்டுதான் இருந்தது. "வீட்டுக்கு வாங்க, பேசிக்கலாம்" என்றாள். 'வீட்டுக்கு வாங்க' என்பதற்கு என்ன அர்த்தம் என்று கல்யாணமானவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அவன் தயங்கித் தயங்கி இடப்பக்கம் கையைக் காட்டினான். "பழைய ரோடு இருக்கு. ஒம்பது வளைவு. இது நெஜமாவே ஏறுது."

அவள் காட்டைப் பார்த்தாள், சுரங்கத்தைப் பார்த்தாள். கம்பி ஓரமாகச் சைக்கிளை நுழைத்து ஏறிவிட்டாள். சாட்சிக்கு ஆள் வேண்டுமே என்று கிரீஸ் அண்ணனும் பின்னாலேயே போனார்.

மற்றவர்கள் சுரங்கம் வழியாக அந்தப் பக்கம் போய்ப் பழைய ரோடு இறங்குகிற இடத்தில் உட்கார்ந்து, வேனில் இருந்த ரொட்டியைக் காலி செய்தார்கள். வேன்காரனுக்கு உட்காரப் பிடிக்கவில்லை. பத்து நிமிடம் போயிற்று, இருபது போயிற்று. வழுக்கியிருப்பாளோ, ஏழாவது வளைவில் ஓரத்தைச் சரியாகக் கூட்டினோமா என்று குறுக்கும் நெடுக்கும் நடந்தான்.

கிரீஸ் அண்ணன்தான் முதலில் வந்தார். பேச மூச்சு இல்லை. கையை மட்டும் ஆட்டினார். பிறகு, "ஊனல. கடைசி வரைக்கும் ஊனல. அஞ்சாவது வளைவுல நாந்தான் ஊனினேன்" என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். அப்படியானால் அவள் எங்கே? உச்சியைத் தொட்டதும் என்னவோ எடுக்க வேண்டுமென்று திரும்பி ஏழாவது வளைவு வரை இறங்கினாள், மறுபடியும் ஏறி வருகிறாள் என்றார் அண்ணன்.

வேன்காரன் நடையை நிறுத்தினான்.

கொஞ்ச நேரத்தில் மரங்களுக்கிடையில் அவள் தலை தெரிந்தது. முதுகுக்குப் பின்னால், சைக்கிளில் குறுக்காகக் கட்டியிருந்தது, கைப்பிடியில் நீலத்துணி சுற்றிய அவர்கள் வீட்டு விளக்குமாறு. மனைவி விளக்குமாறோடு வருவது எந்தப் புருஷனுக்கும் நல்ல அறிகுறி இல்லை. அவன் இரண்டடி பின்னால் நகர்ந்தான்.

அவள் அவன் முன்னால் வந்து நிறுத்தினாள். வியர்வை முகமெல்லாம் வழிந்தது. அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஒம்பது வளைவையுமா கூட்டினீங்க?"

"ஆமா."

"வீட்டுல என்னைக்காவது இதைக் கையால தொட்டிருக்கீங்களா?"

அவன் அசடு வழிய நின்றான். அவளுக்கு உதடு துடித்தது, அடக்கப் பார்த்தாள், முடியாமல் சிரித்துவிட்டாள். அப்புறம் ஒரு கையால் அவன் சட்டையைப் பிடித்து இழுத்து, ஈர நெற்றியை அவன் தோளில் வைத்துக்கொண்டாள்.

வேனில் போட்டுவிடலாம் என்று அவன் விளக்குமாற்றுக்குக் கையை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை. மிச்சமிருந்த கிலோமீட்டர் முழுக்க அது அவள் சைக்கிளிலேயே வந்தது.