பாரீஸ் செம்மண்

சாந்தன்பாறையில் ஜீப் ஓட்டும் பாண்டிக்கு டென்னிஸ் என்றாலே கொட்டாவி வரும். அவன் மனைவி ராமலட்சுமிக்குத்தான் அந்தப் பைத்தியம். ஏலத்தோட்டத்தில் காய் எடுத்துவிட்டு இடுப்பு ஒடிய வருகிறவள், மே மாதக் கடைசி வந்துவிட்டால் டி.வி. முன்னால் சட்டமாக உட்கார்ந்துவிடுவாள். மற்ற ஊர்ப் போட்டிகளை ஏறெடுத்தும் பார்க்க மாட்டாள். பாரீஸ் மட்டும்தான். காரணம், அந்தச் சிவந்த தரை.

"செங்கல்ல இடிச்சுத் தூவியிருக்காவளாம். எனக்கென்னமோ நம்ம தோட்டத்து ரோடு மாதிரித்தான் இருக்கு. சட்டையப் பாருங்க, இவன் ஆத்தா எப்படித்தான் தொவைக்காளோ!" என்பாள்.

போர்க் என்றொருவர் ஆறு கோப்பை வாங்கினார், எவர்ட் என்ற அம்மா ஏழு வாங்கினாள், இவர்களையெல்லாம் தூக்கிச் சாப்பிட்ட நடால் பதினான்கு வாங்கினான் என்று சொந்தக்காரர்களின் நல்லது பொல்லதைப் போல ஒப்பிப்பாள். இந்த வருஷம் அந்த மைதானத்தில் நடாலுக்கு வழியனுப்பு விழா நடந்தது. அவன் கண்ணைத் துடைத்தான், இவள் அன்றைக்கு உலையே வைக்கவில்லை. அப்புறம் ஒருவாறு மனசைத் தேற்றிக்கொண்டு, அதே நாட்டுப் பையன் அல்கராஸைத் தத்தெடுத்துக்கொண்டாள்.

அவன் இறுதி ஆட்டம் ஆட வேண்டிய ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ராமலட்சுமிக்கு நெஞ்சு வலித்தது. பாண்டி ஜீப்பை அடிமாலிக்கு விரட்டினான். ஐ.சி.யூ.வுக்குள் தள்ளிக்கொண்டு போகும்போதும் அவள் அவன் கையை விடவில்லை.

"ஏங்க, ஆட்டத்தப் பாத்து வந்து சொல்லுங்க. அந்தப் பய செயிச்சிருவான்ல?"

"செயிச்சிருவான் புள்ள. நீ பேசாமப் படு."

மனசுக்கு அதிர்ச்சி எதுவும் ஆகாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார் டாக்டர். பாண்டி வராந்தாவில் உட்கார்ந்து போனில் ஆட்டத்தைப் போட்டான். வாழ்க்கையிலேயே முதல் தடவையாக டென்னிஸுக்காகச் சாமி கும்பிட்டான். சாமி கேட்கவில்லை. முதல் செட் போயிற்று. இரண்டாவதும் கையருகே வந்து நழுவிப் போயிற்று.

நர்ஸ் ஜோமோள் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். "சேட்டா, சேச்சி விளிக்குன்னு. அகத்து கேறிக்கோ, அஞ்சு மினிட்."

அவள் கூப்பிடுகிறாள், உள்ளே போகலாம் என்றதும் பாண்டி எழுந்தான். எழுந்தவன் அப்படியே நின்றான். அவனுக்குப் பொய் சொல்ல வராது. வாய் சொன்னாலும் மூஞ்சி காட்டிக்கொடுத்துவிடும். தோற்கிற சேதியோடு போய் நின்று அவளுக்கு ஒன்று கிடக்க ஒன்று ஆகிவிட்டால்?

"ஒரு செட்டாவது செயிக்கட்டும் சிஸ்டர். நல்ல சேதியோட வாரேன்."

நல்ல புத்திசாலித்தனம்! மூன்றாவது செட்டில் பையன் கொஞ்சம் தலையெடுத்தான். பாண்டி போனுக்குள்ளேயே புகுந்துவிடுகிற மாதிரி குனிந்திருந்தபோது ஜோமோள் மறுபடி வந்தாள்.

"சேட்டா, கழிஞ்ஞு."

பாண்டி நிமிரவே இல்லை. "இல்ல சிஸ்டர், முடியல. இன்னும் ஆட்டம் கெடக்கு. இப்பத்தான் மேல ஏறுதான்."

ஜோமோள் கிட்டே வந்தாள். அவன் தோளில் மெல்லக் கை வைத்தாள். அந்தக் கை வைத்த விதத்தில்தான் அவனுக்கு விளங்கியது. போனில் பாரீஸ் ஜனம் கைதட்டிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை ஆம்புலன்ஸ் மலை ஏறியது. பாண்டி அழவே இல்லை, கல்லாய் உட்கார்ந்திருந்தான். பக்கத்து வீட்டுப் பிச்சைமணிக்கு அது பயமாக இருந்தது. ஏதாவது ஆறுதல் சொல்ல வேண்டுமே என்று வாயைத் திறந்தான்.

"அண்ணே, மைனி சொல்லுமே அந்தப் பய, அவன் தோக்கல. அஞ்சாவது செட்டுல செயிச்சுட்டான்."

பாண்டி அவனைத் திரும்பிப் பார்த்தான். பிறகு அவள் மூடிய முகத்தின் மேல் சரிந்து ஓவென்று கத்தினான்.

"உள்ள வந்து செயிச்சுட்டான்னு சொல்லியிருக்கலாமே புள்ள! அது பொய்யாவே ஆயிருக்காதே!"