மரகதத்தின் இடது கை

சென்னையில் நடக்கும் காமிக்ஸ் திருவிழாவுக்குக் கதாபாத்திரங்கள், கடைசியாக வெளிவந்த புத்தகத்தின் கடைசிப் படக் கட்டத்தில் எப்படி விடப்பட்டார்களோ அப்படியேதான் வந்து சேருவார்கள். விருந்தோடு முடிந்தவர்கள் சாப்பிட்டுக்கொண்டே வருவார்கள். தூக்கத்தோடு முடிந்தவர்களைப் பாயோடு சுருட்டிக்கொண்டு வந்து மேசைக்கு அடியில் போட்டுவிடலாம். மரகதம் ஏழாவது மாடிச் சன்ஷேடின் விளிம்பை இடது கையால் பிடித்துத் தொங்கியபடி வந்தாள்.

சன்ஷேடை விழாக் குழுவினர் அரங்கின் கூரையில் பொருத்திக் கொடுத்தார்கள். கூரை இரண்டு மாடி உயரம்தான் என்றாலும், விழுந்தால் ஏழு மாடி விழவேண்டியிருக்கும் என்பதால் கீழே மஞ்சள் கயிறு கட்டி வட்டம் போட்டிருந்தார்கள். வட்டத்தை ஒட்டினாற்போல் குருநாதனின் மேசை. வருபவர்கள் வட்டத்துக்கு வெளியே நின்று புத்தகம் வாங்கிக்கொள்ளலாம்.

மரகதம் வீடு வீடாகப் போய் கரண்ட் மீட்டர் கணக்கெடுப்பவள். அந்தச் சாக்கில் குற்றங்களையும் கண்டுபிடிப்பவள். பூட்டிய வீட்டில் மீட்டர் ஓடினால் உள்ளே யாரையோ அடைத்துவைத்திருக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். அவளை எழுதுவது குருநாதன், வரைவது ஷமீமா. அச்சடித்து, பைகளில் அடைத்து, ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டு அலைவதும் குருநாதன்தான். பெரிய கம்பெனி எதுவும் அவன் பின்னால் இல்லை. முதுகுவலி மட்டும் இருந்தது.

இரண்டாம் புத்தகத்தின் கடைசிக் கட்டத்தில் அவளைத் தொங்கவிட்டதோடு சரி. இரண்டு வருடமாக மூன்றாம் புத்தகம் வரவில்லை. கடைசியில் யாரையாவது தொங்கவிட்டால்தான் வாசகர் திரும்பி வருவார் என்று இந்தத் தொழிலில் எல்லோரும் எல்லோருக்கும் யோசனை சொல்வார்கள். எப்படி இறக்குவது என்று மட்டும் ஒருவரும் சொல்லித் தருவதில்லை. குருநாதனும் அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவன், பார்த்துக்கொள்ளவே இல்லை.

அந்தக் கட்டத்தில் மரகதத்துக்கு ஒரே ஒரு பேச்சுப் பலூனில் ஒரே ஒரு வசனம் எழுதியிருந்தான். எனவே அவளால் அதை மட்டும்தான் பேச முடிந்தது.

"யாராவது இருக்கீங்களா?"

அரங்கின் கதவு திறந்ததிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. கணக்கெடுக்கப் போன வீட்டு வாசலில் நின்று கேட்பதுபோலத்தான் கேட்டாள். கூட்டம் அண்ணாந்து பார்த்து, போட்டோ எடுத்து, நகர்ந்தது. மரகதத்தைப் போலவே காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு, இடது கையைத் தலைக்கு மேல் தூக்கியபடியே அரங்கு முழுக்க நடந்த பெண்கள் பத்துப் பேராவது இருப்பார்கள். அவர்கள் கை வலித்தால் கீழே போட்டுக்கொண்டார்கள்.

மதியச் சாப்பாட்டுக்கு முன்பே மரகதத்தின் ஆள்காட்டி விரல் விளிம்பிலிருந்து நழுவிவிட்டது. மீதி மூன்று விரல் பிடித்திருந்தது. கட்டைவிரலைக் கணக்கில் சேர்க்க முடியாது. அது வெறுமனே ஒட்டிக்கொண்டுதான் இருந்தது.

குருநாதன் அதைப் பார்த்தான். ஆனாலும் கையெழுத்துப் போட்டுக்கொண்டே இருந்தான். மூன்றாம் பாகம் எப்போது என்று கேட்டவர்களிடம் சீக்கிரம் என்றான். சொல்லும்போது அண்ணாந்து பார்க்காமல் பார்த்துக்கொண்டான்.

பக்கத்து மேசைக்காரர் பலராமன். ராஜா ராணிக் கதைகள் போடுபவர், முன்யோசனைக்காரர். எந்தப் புத்தகத்தையும் கல்யாண விருந்தில்தான் முடிப்பார். அவருடைய மேசைக்குப் பின்னால் ஓர் அரசவையே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தது. வாசகர்களுக்கும் இலை உண்டு. அவர் ஒரு தம்ளரில் பாயசம் கொண்டுவந்து வைத்துவிட்டு, பேசாமல் 'தொடரும்' என்பதை அடித்துவிட்டு 'முற்றும்' போட்டுவிடும்படி யோசனை சொன்னார். முற்றும் போட்ட பிறகு யாரும் கீழே விழ முடியாது என்றார்.

அது உண்மைதான். குருநாதன் பேனாவைக்கூடத் திறந்துவிட்டான். அப்போது வட்டத்துக்கு வெளியே நின்றிருந்த லதாமகேஸ்வரி தொண்டையைச் செருமினார். வங்கியில் வேலை பார்ப்பவர். குருநாதனின் இரண்டு புத்தகங்களையும் அவனைவிட அதிகம் படித்தவர். அவர் வாசலருகே இருந்த ஒரு பெண்ணைக் கைகாட்டினார். என்றோ முற்றும் போடப்பட்ட ஒரு தொடரின் நாயகி, பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தாள். தொண்டர் ஒருவர் அவள் மேல் படிந்த தூசியை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் விழவில்லை. பஸ்ஸும் வரவில்லை. குருநாதன் பேனாவை மூடினான்.

அந்த நேரம் பார்த்து அவனை மேடைக்குக் கூப்பிட்டார்கள். கதையில் பதற்றத்தைக் கட்டுவது எப்படி என்று அவன் பேசவேண்டும் என நிகழ்ச்சி நிரலில் போட்டிருந்தது. போகாவிட்டால் அடுத்த வருடம் மேசை கிடையாது. போனான். நன்றாகவே பேசினான். வாசகரின் மூச்சைப் பிடித்துவைப்பதுதான் கலை என்று சொன்னபோது, தூரத்தில் மரகதத்தின் சுண்டுவிரல் நழுவுவதை மேடையிலிருந்தே பார்த்தான். அரங்கம் கைதட்டியது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது அவனுக்கு.

மைக்கை அப்படியே வைத்துவிட்டு நேரே ஷமீமாவிடம் போனான். அவள் அரங்கின் மறுகோடியில் வருபவர்களின் முகத்தை வரைந்து கொடுத்துக்கொண்டிருந்தாள். அந்தத் தொங்கும் கட்டத்தை வரையும்போதே இவங்க எப்படி இறங்குவாங்க என்று அவள் கேட்டிருந்தாள். அப்போது குருநாதன் சிரித்தான். வரைந்து கொடுத்துவிட்டு, மணிக்கட்டு வலிக்கிறது என்று போனவள்தான், திரும்பி வரவில்லை.

இப்போது அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள், பிறகு கூரையைப் பார்த்தாள். எதிரே உட்கார்ந்திருந்தவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, பாதி முகத்தோடு அவரை அனுப்பிவிட்டாள்.

"எழுதிக் குடுங்க, வரையறேன். எழுதாததை வரைய மாட்டேன்."

லதாமகேஸ்வரியையும் சேர்த்து மூவரும் வட்டத்தின் ஓரத்தில் உட்கார்ந்தார்கள். ஒரு கட்டம் வரைந்து, ஒரு வாசகர் அதைப் படித்துவிட்டால் போதும், புத்தகம் வெளிவந்ததாகவே விழாவில் எடுத்துக்கொள்வார்கள். ஆகவே லதாமகேஸ்வரி அங்கே இருந்தாகவேண்டியிருந்தது.

ஏழாவது மாடிக்காரர் ஜன்னலைத் திறந்து அவளை உள்ளே இழுக்கிறார் என்று எழுதினான் குருநாதன். அந்த ஜன்னலுக்குக் கம்பி போட்டிருக்கிறீர்கள் என்று லதாமகேஸ்வரி புத்தகத்தைப் பிரித்துக் காட்டினார். தீயணைப்பு வண்டி வருகிறது என்று எழுதினான். வண்டி நுழையாத சந்து என்று முதல் பக்கத்திலேயே அவன்தான் எழுதியிருந்தான். அவளே காலை எம்பிச் சன்ஷேடில் ஏறுகிறாள் என்றான். முதல் புத்தகத்தில் அவள் முழங்காலை அவனேதான் உடைத்திருந்தான், உணர்ச்சிக்காக.

"மொட்டை மாடியிலேருந்து யாராவது கை குடுத்தா?" என்று ஷமீமா கேட்டாள்.

அங்கே தரையில் தட்டோடு பதிக்கிறார்கள், மாடிக் கதவைப் பூட்டியிருக்கிறார்கள், அந்தக் கட்டிடத்தில் குடியிருப்பவர் ஒருவரும் மேலே போக முடியாது என்றார் லதாமகேஸ்வரி. சொல்லிவிட்டுப் புத்தகத்தை மூடினார். மேலே மோதிர விரல் விளிம்பில் சறுக்கி, நகம் உரசும் சத்தம் கேட்டது.

இப்போது நடுவிரல் மட்டும்தான்.

"யாராவது இருக்கீங்களா?"

குருநாதன் அதை இரண்டு வருடத்துக்கு முன் எழுதியவன். அன்று முழுக்க அதைக் காதில் வாங்கிக்கொண்டும் இருந்தான். அது ஒரு கேள்வி என்பது இப்போதுதான் அவனுக்கு உறைத்தது. தன் மேலேயே அவனுக்கு அருவருப்பாக இருந்தது. காகிதத்தில் இருந்ததையெல்லாம் அடித்துவிட்டு, அடியில் ஒரே ஒரு சொல்லை எழுதி ஷமீமாவிடம் நீட்டினான்.

'இருக்கேன்.'

ஷமீமா பலூனை வரைந்துவிட்டுப் பென்சிலை நிறுத்தினாள்.

"யார் பேசறது? பலூனுக்கு வால் வேணும் குரு சார். வாலை எந்த வாயில கொண்டுபோய் விடறது?"

குருநாதன் லதாமகேஸ்வரியைப் பார்த்தான். எழுதியவன் மொட்டை மாடிக்குப் போகக் கூடாது என்று எந்தப் பக்கத்திலாவது இருக்கிறதா என்று கேட்டான். அவர் இரண்டு புத்தகங்களையும் மனத்துக்குள் ஒருமுறை புரட்டினார். இல்லை என்றார்.

"அப்ப என் வாயில விடுங்க" என்றான்.

ஷமீமா வரைய ஆரம்பித்தாள். அன்று முழுக்க முகம் வரைந்தவள் என்பதால் அவன் முகத்துக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. கைகளில்தான் அவள் நின்று நிதானித்தாள். மேலேயிருந்து இறங்கும் கை, அதன் பிடியில் மரகதத்தின் மணிக்கட்டு. ஒரு விரல் தப்பாகப் போனாலும் பிடி நிற்காது. இரண்டு தடவை அழித்தாள். அவளுக்கும் மணிக்கட்டு வலித்திருக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு வரைந்தாள். சுற்றிலும் மேசைகளை மடக்கிக்கொண்டிருந்தார்கள். பந்தியை அப்படியே தூக்கிக்கொண்டு பலராமன் போய்விட்டார்.

மரகதத்துக்கும் ஒரு பலூன் போட்டுவிட்டு, இவங்க என்ன சொல்றாங்க என்று கேட்டாள் ஷமீமா.  குருநாதன் அதைக் காலியாகவே விட்டுவிடச் சொன்னான்.

அவளைத் தூக்கி மேலே விடுவதற்கு இன்னொரு கட்டம் வேண்டும். அதற்குள் அரங்கை மூடும் மணி அடித்துவிட்டது. ஷமீமா மூலையில் 'தொடரும்' என்று எழுதி, தாளை லதாமகேஸ்வரியிடம் கொடுத்தாள். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒரு கோடு விடாமல் படித்தார். மூன்றாம் புத்தகம் வெளிவந்துவிட்டது.

நடுவிரல் நழுவியபோது குருநாதன் ஏழாவது மாடியின் மேல், கைப்பிடிச் சுவரில் வயிறு பதியக் குப்புறக் கிடந்தான். அவள் மணிக்கட்டு அவன் கையில் இருந்தது. தோள் கழன்றுவிடும் போல் வலித்தது. வலித்தது அவனுக்குப் பிடித்திருந்தது.

"இருக்கேன்" என்றான்.

காலியான பலூன் என்பதால் மரகதத்தால் எதை வேண்டுமானாலும் பேச முடிந்தது. முதலில் கை வேர்க்கிறது, இறுக்கிப் பிடியுங்கள் என்றாள். பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டாள்.

"என்னை ஏன் சார் இங்க தொங்கவிட்டீங்க?"

"இருக்கேன்" என்றான் குருநாதன். அவனுக்கு வேறு வசனம் இல்லை.

அவள் யோசித்துப் பார்த்தாள். சரி, அது போதும் இப்போதைக்கு என்றாள்.

ஷமீமாவும் லதாமகேஸ்வரியும் மூன்றாம் புத்தகத்தின் இரண்டாவது கட்டத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே விளக்கு அணைந்த அரங்கிலிருந்து வெளியேறினார்கள். அது வெளிவரவேண்டிய கோயம்புத்தூர்த் திருவிழாவுக்கு இன்னும் நாலு மாதம் இருந்தது.

அந்த வாரம் தட்டோடு வேலை முடிந்து மாடிக் கதவைத் திறந்துவிட்டார்கள். ஐந்தாவது மாடியில் இருக்கும் ஒரு பெண்மணி பக்கெட்டில் துவைத்த துணியோடு மேலே வந்தார். குருநாதனைப் பார்த்தார், எட்டி மரகதத்தையும் பார்த்தார். மழை வந்தால் கொஞ்சம் குரல் கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டார். அவன் இருக்கேன் என்றான். துணிகளை ஒவ்வொன்றாக உதறிக் காயப்போட்டவர், கொடியில் இடம் போதாததால், கடைசியாக இருந்த ஈரத் துண்டை அவன் முதுகில் சுருக்கமில்லாமல் விரித்துவிட்டு, பக்கெட்டை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிப் போனார்.