பெயிண்டுக்கு ஒரு மெத்தை

லேத்துக்காரரும் வெல்டரும் முப்பத்தைந்து வருஷமாக ஒருவரை ஒருவர் "டேய்" என்று கூப்பிட்டு வந்தவர்கள். லேத்துக்காரரின் மகளை வெல்டரின் மகனுக்குக் கட்டிக் கொடுத்ததோடு அந்தச் சுகம் போயிற்று. இனிமேல் "வாங்க சம்பந்தி, உட்காருங்க சம்பந்தி" என்றுதான் பேச வேண்டும் என்று இரண்டு பேரின் மனைவிமாரும் சேர்ந்து சட்டம் போட்டுவிட்டார்கள். அதனால் திட்ட வேண்டியது ஏதாவது இருந்தால் இருவரும் லேத்துப் பட்டறைக்கு வந்து, ஷட்டரை முக்கால்வாசி இறக்கிவிட்டு, அங்கே வைத்துத் திட்டிக்கொள்வார்கள்.

திட்டுவதற்கு எப்போதும் ஒரே விஷயம்தான். பழைய மோட்டார் சைக்கிள்.

வண்டி கம்பெனியிலிருந்து எப்படி வந்ததோ அப்படியே இருக்க வேண்டும் லேத்துக்காரருக்கு. கம்பெனி முத்திரை இல்லாத போல்ட்டைப் போல்ட் என்றே ஒத்துக்கொள்ள மாட்டார். வெல்டர் நேர் எதிர். எந்தப் பழைய வண்டி கையில் கிடைத்தாலும் முதலில் வாலை வெட்டுவார், அப்புறம்தான் அதற்கு என்ன கோளாறு என்று விசாரிப்பார். ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய வண்டிக்காரர்கள் ஏழெட்டுப் பேர் கூடுகிற டீக்கடையில் வெல்டருக்கு 'வெட்டு' என்று பெயர். லேத்துக்காரருக்கு 'மியூசியம்'.

"டேய் மியூசியம், டிக்கெட் எங்கேடா வாங்கணும்?" என்பார் வெல்டர்.

"கையை ஒடிச்சுட்டு உள்ள விடுவேன், ஓசிதான்" என்பார் லேத்துக்காரர்.

லேத்துக்காரர் யாரையும் லேசில் நம்புகிற ஆள் இல்லை. டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை மூன்று மருந்துக் கடையில் காட்டி, மூவரும் ஒரே மாத்திரையைத்தான் எடுக்கிறார்களா என்று பார்ப்பார். கடையில் பத்து எம்.எம். போல்ட் வாங்கினால் அங்கேயே வெர்னியர் அளவுகோலை எடுத்து அளப்பார். அப்படிப்பட்டவர் நாற்பது வருஷமாகச் சந்தேகப்படாமல் உட்கார்ந்த ஒரே பொருள் அந்தக் கறுப்பு வண்டிதான். பிரேமில் இருந்தது கம்பெனி அடித்த பெயிண்ட். ஒரு பொட்டுக்கூட மேல்பூச்சு கிடையாது.

டீக்கடையிலிருந்து திரும்பியதும் மனைவியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஏரிக்கரை ரோட்டில் பாலம்வரை போய் வருவது ஞாயிற்றுக்கிழமை வழக்கம். அந்த அம்மாவுக்கு இடுப்பு எலும்பில் ஆபரேஷன் ஆனதோடு அது நின்றது. எட்டு மாசம் ஆயிற்று. கைத்தடி வைத்துக்கொண்டு வீட்டுக்குள் நன்றாகத்தான் நடந்தார். ஆனால் "போலாமா?" என்று கேட்டால், "நீங்க போயிட்டு வாங்க, எனக்கு வேலை கிடக்கு" என்று சொல்லிவிடுவார்.

லேத்துக்காரர் அதை எப்படி எடுத்துக்கொண்டார்? இவளுக்கு வண்டி சலித்துவிட்டது, என்னையும் சேர்த்துத்தான் சலித்திருக்கும், வாய்விட்டுச் சொல்ல மாட்டேன் என்கிறாள் என்று எடுத்துக்கொண்டார். கேட்டுவிடலாம்தான். கேட்கவில்லை. அந்த எட்டு மாசமும் தனியாகப் பாலம்வரை போய், ஒரு நிமிஷம் நின்றுவிட்டுத் திரும்பினார்.

ஒருநாள் வெல்டர் ஷட்டரை இறக்கினார்.

"டேய், உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். போன வாரம் பேத்தியைக் கொண்டு வந்து விட்டேன்ல, நீ குளிச்சுட்டிருந்த. தங்கச்சி, உன் வீட்டுக்காரம்மா, வாசல்ல வண்டிகிட்ட நின்னுச்சு. சீட்டுல கை வெச்சுது. காலைத் தூக்கிச்சு. பாதிக்கு மேல வரல. இறக்கிடுச்சு. நான் பாக்குறேன்னு தெரிஞ்சதும் ஒரு துணியை எடுத்துச் சீட்டைத் துடைக்க ஆரம்பிச்சிருச்சு."

"துடைக்கத்தான் வந்திருப்பா."

"உன் வண்டியை உன்னைத் தவிர யாரையாவது துடைக்க விடுவியாடா?"

லேத்துக்காரர் தாவாயைத் தேய்த்துக்கொண்டார்.

"சைடுகார் போட்டுடு" என்றார் வெல்டர். "தொட்டி நான் செய்யறேன். தரையிலேர்ந்து ஒரு முழம் கூட இருக்காது. கதவைத் திறந்து நாற்காலியில உக்கார்ற மாதிரி உக்காந்துடலாம். பிரேம்ல நாலு இடத்துல இரும்புக் காது வெச்சு, தொட்டியை அதுல மாட்டி வெல்டு பண்ணிட்டா..."

"என் பிரேம்ல நெருப்பு படக் கூடாது."

"சூடு வெச்சா இரும்பு அழுமாடா?"

"நான் அழுவேன்டா."

அன்றைக்கு இரண்டு டீ ஆறிப்போகிற வரைக்கும் சண்டை நடந்தது. கடைசியில் ஒரு ஒப்பந்தம் ஆயிற்று. தொட்டி வெல்டருடையது. அதை வண்டியோடு சேர்க்கிற வேலை லேத்துக்காரருடையது. வெல்டு கிடையாது, ஓட்டை போடுவது கிடையாது. பிரேம் குழாயை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கிற மாதிரி நாலு கிளாம்ப் கடைந்து, போல்ட் போட்டு இறுக்குவது. வேண்டாம் என்றால் கழற்றிவிடலாம், வண்டி பழையபடி வண்டி.

"கிளாம்ப் நழுவும்டா" என்றார் வெல்டர்.

"உன் கையால செஞ்சா நழுவும்."

சும்மா சொல்லக் கூடாது, லேத்துக்காரர் கை சுத்தமான கை. கெட்டி இரும்பில் நாலு கிளாம்ப், ஒவ்வொன்றும் இரண்டு பாதி, ஐந்து நாளில் கடைந்து முடித்தார். வெர்னியரை வைத்து அளந்து, மறுநாள் காலையில் நேற்றைய வெர்னியரையே நம்பாமல் திரும்ப அளந்தார். எல்லாம் சரிதான். ஆனால் மாட்டுகிற நேரத்தில் ஒரு காரியம் செய்தார். இரும்பு வைத்து நெரித்தால் அந்தப் பெயிண்ட் என்ன ஆகும்? நசுங்கி உரிந்துவிடாதா? பழைய டியூப்பிலிருந்து மெல்லிசாக நாலு ரப்பர் பட்டை வெட்டினார். குழாயைச் சுற்றி அதைக் கட்டி, அதன்மேல் கிளாம்ப்பை வைத்து இறுக்கினார். ரப்பருக்கு இடம் வேண்டும் என்று கடையும்போதே அரை எம்.எம். கூட விட்டிருந்தார். வெளியே தெரிகிற ஓரத்தை பிளேடால் சீவிவிட்டார். வெல்டரிடம் மூச்சு விடவில்லை. சொன்னால் கூரைமேல் ஏறிக் கூவுவான் என்று தெரியும்.

மெல்லிய ரப்பர்தானே, என்ன ஆகிவிடும்? யாரையும் நம்பாத மனுஷன் தன்னை மட்டும் அளந்து பார்க்காமல் நம்பினார்.

மறுநாள் அந்த அம்மா உட்கார வேண்டும் என்று பேச்சு. அதற்கு முன்னால் பட்டறைக்கு எதிரே இருக்கிற காலி மைதானத்தில் ஒரு சோதனை. எடைக்கு வெல்டர் தொட்டியில் ஏறி உட்கார்ந்தார். தொண்ணூறு கிலோ ஆள். இரண்டு முட்டியும் தாடைக்கு வந்துவிட்டது.

"டேய், ராஜா மாதிரி இருக்கேனா?"

"ஊறப்போட்ட துணி மாதிரி இருக்க."

முதல் ரவுண்டு ஒழுங்காகப் போயிற்று. இரண்டாவதும் போயிற்று. மூன்றாவது ரவுண்டில் திருப்பத்தில் சின்ன பள்ளம். 'டக்' என்று ஒரு சத்தம். முன்பக்கத்துக் கிளாம்ப் இரண்டும் குழாயைச் சுற்றிக்கொண்டு வழுக்க, தொட்டி மூக்கைத் தரையில் குத்தி இழுபட்டது. வெல்டர் பக்கவாட்டில் உருண்டு விழுந்தார். வேகம் இல்லாததால் உயிர் போகிற காயம் ஒன்றும் இல்லை. முழங்கை தோல் உரிந்தது. மூக்குக்கண்ணாடியில் ஒரு பக்கம் போயிற்று.

விழுந்தவர் எழுந்ததும் செய்த முதல் காரியம் தன் கையைப் பார்ப்பது இல்லை. தொட்டிக்கு அடியில் குனிந்து, தான் வைத்த வெல்டு ஒவ்வொன்றையும் விரலால் தடவிப் பார்த்தார்.

"எங்கேயோ விட்டிருக்குடா. என் வேலைதான். எங்கேன்னு தெரியல" என்றார். முகம் செத்துப்போயிருந்தது.

லேத்துக்காரர் கிளாம்ப் பக்கம் பார்க்காமல் கைப்பிடியைப் பிடித்தார். இருவரும் வண்டியைத் தள்ளிக்கொண்டு பட்டறைக்கு வந்தார்கள். பட்டறைக்குப் பின்னால் இருந்த வீட்டிலிருந்து அந்த அம்மா கைத்தடியோடு வந்து, காயத்தைப் பார்த்துவிட்டுத் தண்ணீரும் பஞ்சும் எடுத்து வந்தார்.

"மன்னிச்சுக்கம்மா" என்றார் வெல்டர். "உன்னை உக்கார வெக்கறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுதே, அது வரைக்கும் நல்லது. தொட்டியை முழுசாப் பிரிச்சு மறுபடி செய்யறேன்."

"விடுங்கண்ணே, கையைக் காட்டுங்க" என்றார் அந்த அம்மா. பஞ்சை வைத்து ஒற்றிக்கொண்டே சொன்னார்: "கிளாம்ப்பா இருக்காது. அது இவரு ரெண்டு தரம் அளந்தது. அதனாலதான் நானும் தைரியமா சரின்னு சொன்னேன்."

இதைக் கேட்டுக்கொண்டு எப்படி நிற்பது? லேத்துக்காரர் ஸ்பேனரை எடுத்தார். ஒரு கிளாம்ப்பைக் கழற்றினார். உள்ளே சுருண்டு கிடந்த ரப்பர் பட்டையை இழுத்து மேஜைமேல் போட்டார்.

"அவன் வெல்டுல ஒண்ணும் இல்ல. இதுதான். பெயிண்டு போயிடும்னு நான் வெச்சேன்."

வெல்டர் ஒற்றைக் கண்ணாடி வழியாக ரப்பரைப் பார்த்தார். லேத்துக்காரரைப் பார்த்தார். வாயைத் திறந்து, அந்த அம்மா இருப்பதால் மூடிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, "சம்பந்தி..." என்று மட்டும் சொன்னார். அதற்கு முன்னாலும் பின்னாலும் அவர் விழுங்கிய வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

அந்த அம்மா பட்டையை எடுத்து விரலால் அமுக்கிப் பார்த்தார்.

"ஆஸ்பத்திரியில எனக்குக்கூட இவ்வளவு மெத்துன்னு போடல" என்றார். பட்டையை மேஜையிலேயே வைத்துவிட்டு, தடியை ஊன்றிக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டார்.

கோபமா, கேலியா? லேத்துக்காரருக்குத் தெரியவில்லை. நாளைக்கு அந்தத் தொட்டியில் உட்கார இருந்தது யார் என்பது மட்டும் தெரிந்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வெல்டர் போய் ஷட்டரை இறக்கினார். ஒரு கால் மணி நேரம் திட்டினார். பதில் வராததால் வெல்டருக்கே அலுத்துவிட்டது.

"வெல்டு பண்ணுடா" என்றார் லேத்துக்காரர். "நாலு இடத்துலயும். இப்பவே."

"மாட்டேன்."

"முப்பத்தஞ்சு வருஷமா வெட்டறேன் ஒட்டறேன்னு என் உயிரை எடுத்த. இன்னைக்கு நானே கேக்கறேன், மாட்டேங்கறியா?"

"அழுதுகிட்டு கேக்கறவனுக்கு நான் பத்த வெக்கறதில்ல. நாளைக்கு அந்தத் தழும்பைப் பார்க்கும்போதெல்லாம் உனக்கு என் மூஞ்சிதான் தெரியும். இங்க பாரு, உன் கிளாம்ப் நல்ல கிளாம்ப்டா. நழுவும்னு சொன்னேன், அது வாய்க்கொழுப்பு. இரும்பு இரும்பைப் பிடிச்சா நழுவாது. பெயிண்டைச் சுரண்டு."

"வெல்டு இன்னும் பலமா இருக்குமேடா."

"டேய், நீ பேச வேண்டியதை நான் பேசறேன், நான் பேச வேண்டியதை நீ பேசற. யாராவது கேட்டா சிரிப்பாங்க. சுரண்டுடா."

லேத்துக்காரர் எமரி பேப்பரை எடுத்தார். முதல் இழுப்பு இழுக்கும்போது கண்ணை மூடிக்கொண்டார் என்று வெல்டர் பிற்பாடு டீக்கடையில் சொன்னது பொய். திறந்துதான் வைத்திருந்தார். கறுப்பு போயிற்று, அதற்கடியில் சாம்பல் நிறம் வந்தது, அதுவும் போய் இரும்பு பளிச்சென்று தெரிந்தது. நாலு இடம், ஒவ்வொன்றும் மூன்று விரல் அகலம். கீழே விழுந்த தூளை ஊதித் தள்ளிவிட்டு அடுத்ததுக்குப் போனார். பழைய கிளாம்ப் உதவாது, ரப்பருக்கு இடம் விட்டுக் கடைந்தது. புதுசாக நாலு கடைந்து மாட்ட இன்னும் ஐந்து நாள் ஆயிற்று.

மாட்டிய பிறகு ஒவ்வொரு கிளாம்ப்பிலிருந்தும் குழாய்வரைக்கும் வெள்ளைப் பெயிண்டில் மெல்லிசாக ஒரு கோடு இழுத்தார். கிளாம்ப் மயிரிழை நகர்ந்தாலும் கோடு உடைந்து காட்டிக் கொடுத்துவிடும்.

வெல்டர் மறுபடி தொட்டியில் ஏறினார், இந்தத் தரம் ஹெல்மெட் போட்டுக்கொண்டு. "சம்பந்தியம்மா, நான் திரும்பி வரலேன்னா என் வெல்டிங் மிஷினை இவருக்கு மட்டும் கொடுத்துடாதீங்க" என்று கத்தினார். அதே பள்ளத்தில் வேண்டுமென்றே விட்டுவிட்டுப் பத்து ரவுண்டு போனார்கள். கோடு நாலும் அப்படியே இருந்தது.

லேத்துக்காரர் மனைவியிடம் போய் நின்றார். "வந்து பாரு" என்றார். "பாத்துட்டு, வேண்டாம்னா வேண்டாம்."

அந்த அம்மா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தடியை வெல்டரிடம் கொடுத்துவிட்டு, நாலு கோட்டையும் குனிந்து குனிந்து பார்த்தார்.

"இன்னும் ரெண்டு ரவுண்டு போங்க" என்றார். "நான் இங்கேர்ந்து பாக்கறேன்."

போனார்கள். திரும்பி வந்தார்கள். அவர் மறுபடி குனிந்து பார்த்தார். அப்புறம் வெல்டரைப் பார்த்து, "இறங்குங்கண்ணே, எவ்வளவு நேரம் உக்காந்திருப்பீங்க" என்றார்.

கதவைத் திறந்து, ஒரு காலை வைத்து, மற்ற காலை மெல்ல இழுத்து, உட்கார்ந்துவிட்டார். பார்த்துக்கொண்டே நின்ற லேத்துக்காரர் உதைத்து ஸ்டார்ட் செய்ய மறந்துபோனார்.

"கிளப்புடா!" என்று கத்தினார் வெல்டர். அந்த அம்மா திரும்பிப் பார்த்ததும், "கிளப்புங்க சம்பந்தி" என்றார்.

நடக்கிற வேகத்தைவிடக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். ஏரிக்கரை ரோட்டில் திரும்பியபோது லேத்துக்காரர் ஓரக்கண்ணால் பார்த்தார். மனைவி ரோட்டைப் பார்க்கவில்லை, மரத்தைப் பார்க்கவில்லை. தன் முழங்காலுக்குப் பக்கத்தில் இருந்த வெள்ளைக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னை நம்பு என்று சொல்ல லேத்துக்காரருக்கு வாய் ஏது? பள்ளம் வந்த இடத்தில் எல்லாம் ஒதுக்கி ஒதுக்கி ஓட்டினார்.

கடைத்தெருவைத் தாண்டும்போது பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"அந்தத் தையல்கடையை எப்போ மூடினாங்க?"

திரும்பிப் பார்த்தார். மனைவி தலையைத் தூக்கி, போகிற கடைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆச்சு ஆறு மாசம்."

"சொல்லவே இல்லையே."

"நீ கேக்கலையே."

"அதுக்குப் பக்கத்துல என்ன, மாடி எழுப்பறாங்களா?"

"ஆமா."

"கொஞ்சம் மெதுவாப் போங்க" என்றார் அந்த அம்மா. "எல்லாத்தையும் பாக்கணும்."